பேரைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடு

பேர் தெரியாத பாட்டு அவருக்குக் காதில் ஏறாது. யார் பாடுகிறார் என்று சொன்னால்தான் கேட்பார். சொல்லாவிட்டால் ஏசுவார். என் கடையில் வைத்தே, நாலு பேர் பார்க்க, மேசையில் கையால் அடித்து ஏசுவார். இந்த ஊரில் நான் பலரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அதில் பாதி எனக்குச் சேராதது. இவர் ஏசிய ஒவ்வொன்றும் எனக்கே சேர்ந்தது.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், படிவம் நிரப்புவது என்று பொழுது போகும். சில வருஷங்களுக்கு முன்வரை மெமரி காட்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் நல்ல வேலையாக இருந்தது. அவர் அப்படித்தான் முதலில் வந்தார். உப்பளத்தில் வேலை. குதிக்காலில் வெள்ளையாய் உப்புப் படிந்து, பாதம் முழுக்க வெடிப்பு. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். கறுப்பு நிறம், சுருள் சுருளான முடி. பார்த்த உடனேயே எந்த ஊர் ஆள் என்று தெரிந்தது. போர்த்துக்கேயரும் பிறகு வந்தவர்களும் ஆபிரிக்காவில் இருந்து கப்பலில் கொண்டுவந்து இங்கே விட்டுப்போன மனிதரின் வழி. அனுராதபுர ரோட்டுப் பக்கம் அவர்களுக்கு ஒரு சிறிய ஊர் இருக்கிறது. புத்தளத்தில் எல்லோரும் ஒரே சொல்லால்தான் அவர்களைச் சொல்லுவார்கள்: காப்பிரி.

“ஒன்ட பேர் என்ன?” என்று கேட்டார். கடைக்கு வருகிற யாரும் அதைக் கேட்பதில்லை. தங்கச்சி, கடைப் புள்ள, இந்தா, அவ்வளவுதான். நான் ரிஸ்வானா என்றேன். “ரிஸ்வானா” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெகு காலம் என்னை வேறெந்தச் சொல்லாலும் அவர் கூப்பிட்டதில்லை.

எனக்கு அது பெரிய விஷயம். நாங்கள் தொண்ணூறில் புலிகளால் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள். எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்து ஆட்கள் எங்களுக்கு இடமும் தந்தார்கள், சோறும் தந்தார்கள், கூடவே ஒரு சொல்லையும் தந்தார்கள்: அகதி. பள்ளிக்கூடத்தில் அகதிப் புள்ள, கடையில் அகதிப் புள்ள, பைப்படியில் தண்ணீர்ச் சண்டை வந்தால் அகதிச் சனியன். எனக்கு இந்த ஊரில் ஒரு பேர் வந்து சேர இருபது வருஷம் பிடித்தது. அந்த இருபது வருஷத்துக் கோபம் இன்னும் எனக்கு நெஞ்சில் இருக்கிறது. அதைச் சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் ஏச்சு இலக்கத்துக்காக. அவரிடம் இருந்தது சைனாக்காரனின் சின்னச் சிவப்பு ரேடியோ. அதில் மெமரி காட்டைப் போட்டால் பாட்டுகள் தாறுமாறாக ஓடும். வரிசையாக ஓட வேண்டுமென்றால் பாட்டின் பேரை அழித்து 001, 002 என்று இலக்கம் போட வேண்டும். புத்தளம் முழுக்க எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்வோம். யாரும் கவலைப்பட்டதில்லை. இவர் மறுநாளே திரும்பி வந்தார்.

“ரிஸ்வானா, மூணாம் பாட்டுப் பாடுறது ஆரு?”

“தெரியா அக்கா. இலக்கம் போடக்குள்ள பேர் அழிஞ்சிரும்.”

“அழிஞ்சிருமா, நீ அழிச்சியா?”

“ரேடியோ அப்பிடித்தானே...”

“ரேடியோவச் சொல்லாத. ஒரு மனிசி தொண்ட கிழியப் பாடி இரிக்கா. நீ அவக்கு மூணு எண்டு பேர் வெச்சிரிக்கிறாய். ஆஸ்பத்திரிலயா கெடக்கா அவ, கட்டில் நம்பர் போட?”

அன்றிலிருந்து அவருக்கு மட்டும் ஒரு துண்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் இலக்கம், வலப்பக்கம் பாடியவர் பேர். அவர் படித்தது சிங்களத்தில் என்பதால் சிங்கள எழுத்தில். ஒரு பேர் விடுபட்டாலும் காட்டைத் திருப்பித் தருவார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் அவர் போன பிறகு சிரித்திருக்கிறேன்.

புளூஸ் பாட்டு எங்களிடம் வந்தது தற்செயலாக. ஒரு பின்னேரம் கடையில் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடிய, அதுவாகவே எங்கேயோ போய் வேறொன்றைத் தொடங்கிவிட்டது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் இருந்து ஒரு பெண் குரல். பழைய ஒலிப்பதிவு, இங்கிலீசுப் பாட்டு. நான் மாற்றக் கையை நீட்டினேன்.

“கை வெக்காத. இது ஆரு?”

பார்த்துச் சொன்னேன். பேரைச் சொல்லிப் பார்த்தார். படத்தைக் காட்டச் சொன்னார். தலையில் இறகு வைத்து, கழுத்தில் மணிமாலையோடு, அவரைப் போலவே கறுத்த ஒரு பெண். அக்கா அந்தப் படத்தை ஒரு சொந்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தக் கிழமையே நான் தேடி வாசித்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இந்தப் புளூஸ் பாட்டை முதன்முதலில் இசைத்தட்டில் பாடிப் பதிந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அப்போது மைக் இல்லை. பெரிய புனல் ஒன்றின் வாய்க்குள் பாட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலத்தான். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும். தட்டு விற்ற கொம்பனிகள் கறுப்பு ஆட்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருந்தன. சிலருடைய பாட்டை வேறு பொய்ப் பேர்களிலும் விற்றிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று அவருக்கு வந்த கோபத்தில் என் ஸ்டேப்ளர் மேசையில் இருந்து கீழே விழுந்தது.

அந்தப் பாடகிகளின் பேர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை புத்தகங்களில் இருக்கின்றன, தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். ஒவ்வொரு கிழமையும் புதிதாய் ஒரு பேரைக் கண்டுபிடித்து அக்காவிடம் ஒப்பிப்பேன். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் வாசித்ததில் எல்லோரும் அதைச் சோகப் பாட்டு என்றுதான் எழுதியிருந்தார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஆரு சொன்ன சோகம் எண்டு? இது ஒப்பாரி இல்ல ரிஸ்வானா. இது ஏச்சு. கவனமாக் கேளு. இந்த எடத்தில மூச்சை நிப்பாட்டி வெச்சிரிக்கா பாரு. அழுறவளுக்கு மூச்சு நிக்காது, வழியும். ஏசுறவதான் நிப்பாட்டுவா.”

“ஒங்களுக்கு இங்கிலீசு விளங்காதே அக்கா.”

“ஏச்சு விளங்க பாஷ வேணுமா? நீ ஏச்சே வாங்கினதில்லயா?”

பிறகு அதே பாட்டைக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அந்தப் பெண் யாரையோ பல்லைக் கடித்துக்கொண்டு ஏசிக்கொண்டுதான் இருந்தாள். நூறு வருஷமாக மக்கள் அதைக் கேட்டு ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தப் பாடகிகளில் ஒருத்திக்குக் கல்லறைக் கல்லே பல வருஷமாக வைக்கப்படவில்லை என்று வாசித்தபோது அதையும் சொன்னேன். அக்கா ஏசவில்லை. பேரை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் வேதக்காரர், கத்தோலிக்கர். நவம்பர் மாதத்தில் பூசையில் வாசிப்பதற்காக, செத்துப்போன தங்கள் ஆட்களின் பேர்களைக் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள். அக்கா தன் அம்மாவின் பேருக்குக் கீழே அந்த அமெரிக்காக்காரியின் பேரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதர் இது யார் என்று கேட்டாராம். “ஒறவு” என்றாராம் இவர். பெர்னாண்டோமாருக்கும் பெரேராமாருக்கும் நடுவில் அந்தப் பேர் கோயிலில் வாசிக்கப்பட்டது. அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அவரும் பாடுவார். அவர்கள் ஊரில் மஞ்சா என்று ஒரு பாட்டு இருக்கிறது. உடைந்த போர்த்துக்கேயச் சொற்கள், பாதிக்கு அவர்களுக்கே பொருள் தெரியாது. ஆறுதலாக, மெல்லத் தொடங்கி, ரபான் மேளத்தின் அடியும் சிரட்டைத் தாளமும் ஏற ஏற, கடைசியில் இருக்கிறவர் எழும்பி ஆடும் அளவுக்குப் போகும். கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்து அவர்களை ஒருதரம் பாடக் கூப்பிட்டார்கள். போனால், உடுக்கச் சொல்லி இலைப் பாவாடையும் முகத்தில் பூசச் சொல்லி வெள்ளைச் சாயமும் வைத்திருந்தார்களாம். அக்கா கோயிலுக்கு உடுக்கும் சட்டையோடு நின்றிருக்கிறார்.

“நான் புத்தளத்தாள். எங்கட வீட்டில எல உடுக்கிறது ஆடு கட்டுற மரம் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு, பாடாமலும் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரருக்கு முதுகைக் காட்டி, குசினி வாசலில் நின்ற சமையல்காரர் பக்கம் திரும்பி நின்று ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிட்டு வந்திருக்கிறார். கோப்பை கழுவுகிற பெண்ணொருத்தியின் பேரைக் கேட்டு, அவளுக்கென்று சொல்லித்தான் தொடங்கினாராம்.

அவர் பாடுவதில் ஒன்று மட்டும் மற்றவர்கள் பாடாதது. அவருடைய அம்மா கட்டியது. அம்மாவும் உப்பு சுமந்தவர். உப்பு வெட்டிய காலோடு ஓடி ஓடிச் சுமக்க, நிழலில் சப்பாத்தோடு இருந்து கத்திய மேற்பார்வைக்காரன் ஒருவனுக்காக, பழைய மஞ்சா மெட்டில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார். அந்த இரண்டு வரிக்கு மட்டும் அக்காவுக்கு முழுதாகப் பொருள் தெரியும். ‘என் காலைத் தருகிறேன், ஒரு நாள் நடந்து பார்.’ அதையும் அவர் சோகமாகப் பாடமாட்டார்.

கொழும்பில் இருந்து ஒரு ஒலிப்பதிவுக் குழு வந்தது இதற்குப் பிறகுதான். நாட்டின் பாட்டுகளைச் சேகரிக்கிறோம் என்றார்கள். ஊர்ப் பெண்கள் சம்மதித்தார்கள். அக்கா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“ரிஸ்வானா வந்து தாளெல்லாம் பாத்தாத்தான் நான் பாடுவன்.”

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மூன்று மொழியும் ஓரளவு தெரிந்தவள் என்பதால் அங்கே எனக்கு மரியாதை. ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். தென்னைக்குக் கீழே மைக்குகளை நிறுத்தினார்கள். அக்கா இன்னும் மூன்று பெண்களோடு நின்றார். பாடுவதற்கு முன் மைக்குக்கு நேராக, தமிழிலும் பிறகு சிங்களத்திலும் சொன்னார்: “இது என்ட அம்மா இசபெலா கட்டின பாட்டு. கேக்கிறவங்க அவட பேரைச் சொல்லிட்டுக் கேளுங்க.”

பிறகு பாடினார். அந்தப் பாட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதுகிற தகுதியை அன்று பின்னேரமே இழந்துவிட்டேன்.

குழுவின் தலைவர் மரியாதையான மனிதர். சிரித்த முகம். படிவத்தை என் கையில் தந்தார். பாடலை இயற்றியவர் என்று ஒரு வரி. நான் இசபெலா என்று எழுதப் போனேன்.

“அதில பாரம்பரியம் எண்டு போடுங்க மிஸ். ஒரு ஆளட பேரைப் போட்டா நாளைக்கு உரிமைப் பிரச்சின வரும். எங்களுக்கும் கஷ்டம், இவங்களுக்கும் கஷ்டம்.”

“அவங்க பேர் சொல்லித்தானே பாடினாங்க?”

“பாட்டுக்கு முன்னால சொன்ன கதையை வெட்டிருவம். பாட்டு மட்டும் போதும். நீங்க படிச்ச ஆள், ஒங்களுக்கு விளங்கும்தானே?”

படிச்ச ஆள். மிஸ். இரண்டு சொல்லுக்கு நான் விழுந்தேன். வேறு யாரும் என்னை இந்த ஊரில் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. பாரம்பரியம் என்று எழுதினேன். அடுத்த வரி பாடியவரின் பேர். அங்கே என் பேனா நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிராமத்துப் பெண்கள் என்று எழுதினேன். பேனா ஏன் நின்றது என்பதை அன்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்கா வந்தார். “எல்லாம் சரியா எழுதினியா ரிஸ்வானா?” என்று கேட்டார். ஓம் என்றேன். படிவம் இங்கிலீசில். நான் காட்டிய இடத்தில், வாசிக்க முடியாத ஒரு சுழிப்பாகக் கையெழுத்து வைத்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். பகல் பதினொரு மணி, கடையில் சனம். அக்கா உப்பளத்தில் இருந்து நேராக வந்திருந்தார், குடையைக்கூட மடக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணொருத்தியின் போனை என் முன்னால் வைத்தார். கற்பிட்டிக் கடற்கரையின் விளம்பரம். பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர். பின்னால் அன்று அந்தக் குழு பதிந்த அக்காவின் குரல், அதற்கு அடியில் யாரோ சேர்த்த மேளம். அம்மாவின் இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். என் காலைத் தருகிறேன், ஒரு நாள் நடந்து பார். படத்தில் ஒரு சோடி வெள்ளைக் கால்கள் மெத்தென்ற மணலில் நடந்து போயின.

“கீழ எழுதி இரிக்கிறத வாசி.”

வாசித்தேன். பாரம்பரிய ஆபிரிக்கப் பாடல். பாடியவர்கள், கிராமத்துப் பெண்கள்.

“இத ஆரு எழுதின?”

பொய் சொல்ல நினைத்தேன். குழுவின் மேல் பழியைப் போட வாய் வரை வந்தது. “நான்தான் அக்கா” என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“என்னத்துக்கு?”

“அவர் சொன்னார்... அம்மாட பேரப் போட்டா பிரச்சின வரும் எண்டு.”

“அது அம்மாட பேர். அவன் சொன்னான், நீ கேட்டாய். சரி. ரெண்டாவது வரி? அதுக்கும் அவனா சொன்னான்?”

நான் ஸ்டேப்ளரை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தேன்.

“என்ட பேரை ஏன் எழுதல்ல?”

போட்டோக் கொப்பிக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவருக்கு விளங்கியது. அது விளங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

“என்ட பேர் என்ன, ரிஸ்வானா?”

நாலு வருஷம். கிழமைக்கு ஒருதரம். கடல் தாண்டி நூறு வருஷத்துக்கு முன் பாடியவளின் பேரை எழுத்துக்கூட்டி அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய கணவன்மாரின் பேர் எனக்குத் தெரியும். என் முன்னால் நிற்கிறவரின் பேரை ஒருதரமும் கேட்கவில்லை, அக்கா என்றேன். போனில் அவருடைய நம்பரை எப்படிச் சேமித்து வைத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, கோபமாக இருக்கிறது, அதனால் சொல்லுகிறேன்: காப்பிரி அக்கா. அகதிப் புள்ள என்று கூப்பிட்டவர்களை இன்றுவரை மன்னிக்காத நான்தான் அப்படிச் சேமித்தேன். மரியாதையாக அக்கா என்ற சொல்லையும் சேர்த்துவிட்டதால் எனக்கு அது உறுத்தவில்லை.

அவர் குடையை நிமிர்த்தினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழுவுக்கு எழுதினேன். கையெழுத்து வைத்த படிவத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். மறுபடி எழுதினேன், பதிலே வரவில்லை. இரண்டு கிழமை கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டார், இருக்கச் சொன்னார். என் உம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். நான் அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அக்கா, ஒங்கட பேரைச் சொல்லுங்க. நான் எல்லா எடத்திலயும் எழுதுறன்.”

“வேணாம் தங்கச்சி” என்றார். அன்றுதான் முதல்தரம் என்னைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டார். “என்ட பேரை நீ ஒரு எடத்திலயும் எழுத வேணாம். ஏலுமெண்டா அம்மாட பேரை எழுது.”

இசபெலா. எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர் எவராவது அந்த விளம்பரத்தை எங்காவது கேட்டால், அந்த இரண்டு வரி இசபெலா கட்டியது. உப்பளத்தில் செருப்பில்லாமல் சுமந்தவர். அது சோகப் பாட்டு இல்லை.

அக்கா அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. புத்தளம் சின்ன ஊர். அவருடைய பேரை நான் யாரிடமும் கேட்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. அவர் தராததைப் பின்கதவால் எடுக்க மனம் வரவில்லை. போன வருஷம் மழை தொடங்கிய நேரம், அவரோடு அன்று பாடிய பெண்களில் ஒருத்தி கடைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். சிங்களத்தில் எழுதியிருந்தது.

“மரண அறிவித்தல் அடிக்க வேணும். நூறு கொப்பி. அக்கா முந்தநாள் போயிட்டா.” பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். “பேர் பிழையாகப்படா.”

தாளைப் பார்த்துத் தட்டச்சுச் செய்தேன். நீளமான பேர், நாலு சொல். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எழுத வேண்டாம் என்று அவர் சொன்ன பேரை, எழுதியே ஆக வேண்டிய இடத்தில், என் கை முதல்தரம் எழுதியது. மூன்றுதரம் சரி பார்த்தேன். அறிவித்தலின் அடியில் அச்சிட்டவர் என்று எங்கள் கடைப் பேரும் என் பேரும் வழமையாக வரும். அதை அழித்துவிட்டு நூறு கொப்பியும் அடித்துக் கொடுத்தேன்.